வாசல்வரை தெரிந்த வீடுகள்

“இதிலை எந்த வீடு உங்கட பெஸ்ட்டவென்ரை வீடு, அம்மா?”

என் மகள் இப்படிக் கேட்டுச் சில வாரங்கள் ஆகிவிட்டன. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பெஸ்ட்டவென் என்றால் நோர்வே மொழியில் உற்ற சிநேகிதம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய பதவி கிடையாது.

அன்றைக்கு அவளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். அவளை வாய் திறக்க வைப்பதற்கு எனக்கு எப்போதும் கைகொடுப்பது நான் வளர்ந்த ஊரின் கதைதான். அது இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமம். பெயரைச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், வாத்துகள் நீந்துகிற ஒரு குளம், ஒரு கடை. அந்தக் கடை எங்களுடையது. கீழே கடை, மேலே நாங்கள் இருந்த வீடு. பேப்பர், பால், பாண், முத்திரை, நாய்ச் சாப்பாடு என்று ஊருக்கு வேண்டியதெல்லாம் அப்பா வைத்திருந்தார். அந்த ஊரில் இருந்த ஒரே தமிழ்க் குடும்பம் நாங்கள்தான்.

கதை சொல்வதில் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு வாய். தேவாலயத்துக்குப் பக்கத்து வீடு, வைக்கோல் கூரை போட்டது, ஒரு வாய். நாய் மணக்கிற வீடு, ஒரு வாய். ஆப்பிள் மரம் வேலிக்கு வெளியே சாய்ந்து நின்ற வீடு, இன்னொரு வாய். நீலக் கதவு வீடு. அங்கேதான் அவள் கேட்டாள்.

“எல்லாரும்தான் அம்மாவுக்குச் சிநேகிதம்” என்றேன்.

“எல்லாரும் பெஸ்ட்டவென்னா இருக்கேலாது. ஒராள்தான்.”

வாயைத் திறந்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள். நான் அந்த வாய்க்குள் சோற்றை வைத்துவிட்டேன்.

வேறு ஒரு காலமாக இருந்திருந்தால் இந்தக் கேள்வி அன்றைக்கே மறந்து போயிருக்கும். இப்போது மறக்க முடியவில்லை. என் கணவர் ஒஸ்லோவில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறார். வடக்கே, ஒரு ஏரிக்கரையோரம் இருக்கிற சின்ன இடத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் இங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன்; அங்கேயும் ஒரு மருந்துக்கடை இருக்கிறது, அதில் எனக்கும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. தோட்டத்தோடு வீடு. வகுப்புக்குக் கொஞ்சப் பிள்ளைகளே இருக்கிற பள்ளிக்கூடம். மகள் வருகிற ஆவணியில் முதலாம் வகுப்பு தொடங்கவேண்டும். அங்கே போனால், அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே தமிழ்ப்பிள்ளை அவளாகத்தான் இருப்பாள்.

அவர் ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்சோஸில் மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே, தமிழ்ப் பெடியன்களோடு வளர்ந்தவர். கலியாணம் செய்து நான் வந்த பிறகு அதே நகரத்தில், புருசெத்தில் வீடு எடுத்தோம். அதுவும் மாடிக் குடியிருப்புத்தான். அவருக்கு மரமும் வெளியும் வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதுதான் அவருக்கு விளங்காத விஷயம்.

“நீர்தானே எப்ப பாத்தாலும் அந்த ஊர்ப் புராணம் பாடுறனீர். பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் வாத்துக் கதைதான் சொன்னனீர். இப்ப எங்களுக்கெண்டு ஒரு ஊர் வருது, நீர் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறீர்.”

“யோசிக்கிறன்.”

“யோசியும். ஈஸ்டர் லீவு முடிய அவை பதில் கேக்கினம்.”

அவர் சொல்வது பொய்யில்லை. நான் அந்த ஊரை விரும்பினேன். இப்போதும் விரும்புகிறேன். கடைக்குள், கவிழ்த்து வைத்த பால் கூடையின் மேல் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்வேன். வருகிற எல்லோரும் என் கொப்பியை எட்டிப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். காலையில் ஒரு முதியவர் பேப்பர் வாங்க வருவார். அவர் உள்ளே நிற்கும்வரை அவருடைய நாய்க்கு வாசலில் நான்தான் காவல். இலையுதிர் காலத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் மரத்து ஆப்பிள்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து, “இது கடைக்கு இல்லை, உனக்கு” என்று என் மடியில் வைப்பார். வாரத்தில் ஒரு மாலை தேவாலயத்தில் மணி அடித்துப் பழகுவார்கள். பல மணிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அப்பா கடையின் பின்னறையில் எனக்குத் தமிழ் எழுதப் பழக்கினார். எனக்கு வேறு பொழுதுபோக்கு இருக்கவில்லை. அதனால் நன்றாகவே படித்தேன்.

“எனக்கு வேறு பொழுதுபோக்கு இருக்கவில்லை.” இந்த வரியை முன்பெல்லாம் பகிடியாகத்தான் சொல்வேன். இப்போது எழுதும்போது பேனா கொஞ்சம் நின்று போகிறது.

மகளுக்கு மிகவும் பிடித்தது என் எட்டாவது பிறந்தநாள் கதை. ‘கேக் வராத கதை’ என்று அவள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். அம்மா ஊர் மண்டபத்தை எடுத்து, என் வகுப்பு முழுவதையும் அழைத்தார். நாலு மணி என்று சொன்னார். எங்கள் ஆட்களுக்கு நாலு மணி என்றால், அந்த நேரத்தில் வீட்டில் சீலைக்கு அயன் பிடிக்கத் தொடங்குவார்கள். வெள்ளைக்காரர்கள் நேரத்துக்கு வருவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனால் நேரத்துக்குப் போவார்கள் என்று தெரியாது. பெரியவர்களும் வந்து இருப்பார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நிற்பார்கள் என்று சோறும் கறியும்கூடச் சமைத்திருந்தார். கேக் லண்டனிலிருந்து சித்தியோடு வந்துகொண்டிருந்தது. பொம்மைக்குப் பாவாடை கட்டினது போல ஒரு பெரிய கேக்.

நாலு மணிக்கு ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக வந்து இறங்கினார்கள். தாய்மார் வாசலோடு திரும்பிவிட்டார்கள். அம்மா அப்போதும் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். பலூன் ஊதி, பலூன் உடைத்து, ஓடிப் பிடித்து விளையாடினோம். ஆறு மணிக்குத் தாய்மார் மறுபடியும் வந்து, பிள்ளைகளின் கோட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். கேக் இன்னும் நெடுஞ்சாலையில்.

“ஒரு பத்து நிமிசம்” என்று அம்மா ஆங்கிலத்தில் சொன்னார். “கேக் வந்துகொண்டிருக்கிறது.”

மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, “அருமையான கொண்டாட்டம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு இரண்டு வான் நிறையச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அந்தப் பிறந்தநாள் படத்தில் நானும் கேக்கும் ஒரு மண்டபம் நிறையத் தமிழ்ச் சனமும் இருக்கிறோம். என் வகுப்புப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

அடுத்த நாள் அம்மா கேக்கை வெட்டி, இரண்டு இரண்டு றோல்ஸோடு வெள்ளித்தாளில் சுற்றி, வீடு வீடாகக் கொடுத்துவரச் சொன்னார். என் சின்ன வயதில் எனக்கு மிகப் பிடித்த நாள் அதுதான். பின்னேர வெளிச்சம். ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறேன். ஒவ்வொரு கதவும் திறக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணம்: ஒன்றில் நாய், ஒன்றில் நிலக்கரி அடுப்பு, ஒன்றில் ஈரக் கம்பளி. “ஓ, கண்ணே, எவ்வளவு நல்ல பிள்ளை நீ.” முப்பது வயது தாண்டியும் அந்த மணங்களை என்னால் பிரித்துச் சொல்ல முடியும்.

மகள் கேட்ட அன்று பாத்திரம் கழுவிக்கொண்டு அந்த வீடுகளுக்குள் மனதால் நடந்து பார்த்தேன். எந்த வீட்டிலும் வாசலைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பளிச் சால்வை கொழுவியிருக்கும். படியின் கீழ்ப்பகுதி தெரியும். அதற்குப் பிறகு இருட்டு. மறந்துபோனதால் வந்த இருட்டு இல்லை அது. நான் அந்த வீடுகளுக்குள் போகவேயில்லை.

ஏன் போகவில்லை என்று யோசித்தபோது, அன்றைக்கு அம்மா சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. “உள்ளுக்கு வா எண்டு கேட்டவுடனை போயிடாதை. முதல் ஒருக்கா வேண்டாம் எண்டு சொல்லு. அவை திரும்பக் கேட்டால் பாப்பம்.” எங்கள் வீடுகளில் அது எழுதாத சட்டம். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால், இல்லை இப்பதான் குடித்துவிட்டு வந்தோம் என்று சொல்லவேண்டும். கேட்டவர் விடமாட்டார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தேத்தண்ணி வந்துவிடும். கேட்டவுடனே ஓம் என்று சொல்கிற பிள்ளையை, காணாதது கண்ட பிள்ளை என்பார்கள்.

நீலக் கதவு வீட்டில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாய் கேக்கை வாங்கிக்கொண்டு, உள்ளே வருகிறாயா என்று கேட்டார். இது எனக்கு நிச்சயமாக நினைவிருக்கிறது. “இல்லை, நன்றி” என்றேன். சொல்லிவிட்டு நின்றேன். “சரி, கண்ணே” என்றார் அவர். கதவு மெல்லச் சாத்தப்பட்டது. கோபமாகச் சாத்தவில்லை. அவர் என்னிடம் கேட்டார். நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலை அவர் மதித்தார்.

இவ்வளவும் என் நினைவுதானே, எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன். கடையை விற்றுவிட்டு இப்போது லண்டனுக்கு வெளியே, சித்தி வீட்டுக்குக் கிட்ட இருக்கிறார்.

“அம்மா, அங்கை நான் ஆரின்ரையும் வீட்டை விளையாடப் போனனானோ?”

“ஏன், ஊர் முழுக்க உன்னைத் தெரியுமே.”

“தெரியிறது வேறை. போனனானோ?”

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் போட்டு அடங்கியது.

“நீ எங்கை போனனி. அந்த நீலக் கதவு வீட்டுப் பிள்ளை கடைக்கு வந்து உன்னைக் கேக்கும், விளையாட வாறியோ எண்டு. நீதான் பால் கூடையிலை ஒட்டிக்கொண்டு இருந்தனி.”

“என்னைத் தேடி வந்ததோ? எனக்கு ஞாபகமே இல்லை.”

“வந்ததடி பிள்ளை. இரண்டு மூண்டு தரம் வந்திருக்கும். பிறகு வரேல்லை.”

“நான் என்ன சொன்னனான்?”

“வேண்டாம், அம்மாவுக்குக் கடையிலை உதவி செய்யவேணும் எண்டு சொன்னனி. எனக்கு அப்ப எவ்வளவு பெருமை தெரியுமே. எங்கட பிள்ளைக்கு என்ன பொறுப்பு எண்டு அப்பாட்டையும் சொன்னனான்.”

“போ எண்டு நீங்கள் சொல்லியிருக்கலாமே.”

“நான் ஏன் சொல்லோணும்? நீ சந்தோசமாய்த்தானே இருந்தனி.” குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. “இருந்தனிதானே?”

“ஓம், அம்மா” என்றேன்.

அந்தப் பிள்ளை இரண்டு மூன்று தரம் வந்திருக்கிறது. ஆகவே ஒரு தரம்தான் கேட்டார்கள் என்ற என் கணக்குப் பிழை. கேட்டார்கள், திரும்பவும் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு எந்தத் தரம் ஓம் சொல்லவேண்டும் என்று தெரியாமல் போய்விட்டதா? அல்லது எனக்கு உண்மையாகவே கடைதான் பிடித்திருந்ததா? இரண்டில் எது என்று தெரிந்தால், ஈஸ்டருக்கு முதல் என்னால் ஒரு பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் அந்த ஏரிக்கரை இடத்தைப் பார்க்கப் போனோம். பனி கரையத் தொடங்கியிருந்தது. வாடகைக்கு விடும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, அடுத்த வீட்டுப் பெண் முற்றத்தில் பனி வழித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகளும் என் மகளின் வயதுதான். பனிக்குவியலில் ஏறி வழுக்கி விழுந்துகொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் என் மகளும் கூடச் சேர்ந்து விழுந்தாள். அந்தப் பெண் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, “கொம் இன், கொம் இன்” என்று எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைத் திறந்தாள். கோப்பி போட்டிருப்பதாகச் சொன்னாள்.

“இல்லை, நன்றி. நாங்கள் தூரம் போகவேண்டும்” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை.

“சரி, இன்னொரு முறை பார்க்கலாம்” என்று சிரித்தாள்.

திரும்பினால், என் மகள் அவர்கள் வாசற்படியில் ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்கிறாள். ஒரு காலில் சப்பாத்து, ஒரு காலில் ஈரமான காலுறை. அந்த வீட்டுப் பிள்ளை உள்ளேயிருந்து அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் குனிந்து சப்பாத்தைத் திரும்பவும் மாட்டிவிட்டேன். மாட்டி முடித்தும் எழும்பாமல் கொஞ்சம் தாமதித்தேன். எதற்குத் தாமதித்தேன் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் திரும்பக் கேட்கவில்லை.

காரில் ஏறியதும் கணவர் சொன்னார்: “ஏன் போகேல்லை? எனக்குக் கோப்பி விடாய்.”

“கேட்டவுடனை எப்பிடிப் போறது?”

“அவை நோர்வேக்காரர். இரண்டாந்தரம் கெஞ்சுவினம் எண்டு பாத்தனீரே?”

“நீங்கள் ஓம் எண்டு சொல்லியிருக்கலாம்தானே.”

“நீர் முந்தியிட்டீர்.”

பின் இருக்கையிலிருந்து மகள் சொன்னாள்: “நான் போகத்தான் வெளிக்கிட்டனான். அம்மாதான் வேண்டாம் எண்டவ.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வானொலியைப் போட்டார்.

புருசெத்தில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய மகள்தான் என் மகளின் பெஸ்ட்டவென். அந்தப் பிள்ளை மணி அடிப்பதில்லை. நேரே வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, “ஆன்ட்டி, தயிர் இருக்கா?” என்று கேட்கும். தயிரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கேட்கும். எனக்கு ஆரம்பத்தில் இது ஒரு மாதிரியாக இருந்தது, ஆகவே என் மகளுக்கு நான் பழக்கினேன்: “அவையின்ரை வீட்டிலை கேட்டவுடனை ஓம் எண்டு சொல்லக்கூடாது. முதல் ஒருக்கா வேண்டாம் எண்டு சொல்லவேணும்.” அம்மா எனக்குச் சொன்ன அதே சொற்கள். சொல்லும்போது அது எனக்கு உறைக்கவில்லை.

சென்ற கிழமை அவளைக் கூட்டிவரக் கீழே போனேன். கதவு பாதி திறந்திருந்தது. “தோசை சாப்பிடுறியாம்மா?” என்று அந்தத் தாய் கேட்டார். “வேண்டாம், ஆன்ட்டி” என்றாள் என் மகள், நான் பழக்கினபடியே, தலையைக் கொஞ்சம் சரித்து. “என்னது வேண்டாமா? உட்காரு, சூடா இருக்கு” என்று அவர் தட்டை வைத்துவிட்டார். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் கதவுக்கு வெளியே, வாசல் கால்மிதியில் நின்றுகொண்டிருந்தேன்.

இந்தக் குடியிருப்பில் என் பிள்ளை வேண்டாம் என்று சொன்னாலும் பசியோடு வரமாட்டாள். அந்த ஏரிக்கரையில் அப்படிச் சொன்னால், அவர்கள் அவளை மதித்துக் கதவைச் சாத்துவார்கள். இப்போது போய், நான் சொன்னதெல்லாம் பிழை, கேட்டவுடனே ஓம் சொல்லு என்று அவளுக்குச் சொன்னால், அவள் கேட்கக்கூடும். ஐந்து வயதுதானே. ஆனால் அவள் பார்த்துப் படிப்பது என்னிடம். வாசலில் நின்றுகொண்டு உள்ளே போ என்று பிள்ளைக்குச் சொல்கிற தாயை எந்தப் பிள்ளை நம்பும்? மறுபக்கம், என் பயத்துக்காக அவளுக்கு வாத்துகளும் ஆப்பிள்களும் அந்தப் பனிக்குவியலும் இல்லாமல் செய்யலாமா? என் கணவர் ஆசைப்பட்ட வேலையை வேண்டாம் என்று சொல்லலாமா? ஒரு நாளைக்கு ஒரு முடிவு எடுக்கிறேன். மருந்துக்கடையில் சனத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது மாறிவிடுகிறது.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் கேட்கிறேன். ஊரில் ஒரே தமிழ்க் குடும்பமாக இருந்து பிள்ளை வளர்த்தவர்கள், அல்லது அப்படி வளர்ந்த பிள்ளையாக இருந்தவர்கள், எனக்கு எழுதுங்கள். நீங்கள் அந்த வீடுகளுக்கு உள்ளே போனீர்களா? முதல் தடவை எப்படிப் போனீர்கள்? வளர்ந்த பிறகு, ஒரு தாயாக, அதைப் புதிதாகப் பழக முடியுமா? நாங்கள் போகலாமா, வேண்டாமா? ஈஸ்டர் லீவுக்கு முதல் எழுதினால் உதவியாக இருக்கும். தயவுசெய்து மரியாதைக்கு எழுதவேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள். மகளுக்கும் நான் இன்னும் ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கிறது. நீலக் கதவு வீடு வந்ததும் அவள் இப்போது வாயைத் திறக்காமல் என்னைப் பார்க்கிறாள்.